மாடு இல்லாத கொட்டகை

2025 செப்டம்பர். காலாண்டுத் தேர்வு நேரம். சாப்பாட்டு மணி அடித்தும் ஏழாம் வகுப்பில் ஒரு பிள்ளை மட்டும் தட்டை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள். காய்ச்சலோ என்று நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன். இல்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் வாயைத் திறந்தாள்.

“டீச்சர், 23ஆம் தேதி வருகையாம். எங்கம்மா பெங்களூர்ல சித்தாள் வேலைக்குப் போயிருக்கு. அத அங்கிருந்தே எடுத்துக்குவாரா? நான் இங்க ஆயாகூட இருக்கறேனே, என்னை யாரு எடுப்பா?”

அந்தக் கேள்விதான் என்னை இதை எழுத உட்கார வைத்திருக்கிறது.

தென்னாப்பிரிக்காவில் ஒருவர், இயேசு தமக்குக் கனவில் தோன்றி நாள் குறித்துக் கொடுத்தார் என்று ஒரு பேட்டியில் சொன்னார். 23, 24 ஆகிய இரண்டு நாட்களில் ஒன்றில் விசுவாசிகள் எல்லாரும் மேகங்களுக்குள் எடுத்துக்கொள்ளப்படுவார்கள் என்பது அவர் சொன்ன செய்தி. யூதர்களின் எக்காளப் பண்டிகையும் அந்த நாட்களை ஒட்டி வந்ததால் பலர் அதை நம்பினார்கள். வேலையை விட்டோம், காரை விற்றோம் என்று சொல்லும் வெளிநாட்டு வீடியோக்கள் டிக்டாக்கில் பரவின. நம் நாட்டில் 2020இலேயே டிக்டாக்கைத் தடை செய்துவிட்டார்கள். இருந்தும் யூடியூப், வாட்ஸ்அப் வழியாகத் தமிழ்க் குரலோடு, சோகமான பின்னணி இசையோடு அது செஞ்சிப் பக்கத்துக் கிராமம் வரை வந்து சேர்ந்துவிட்டது. அந்தப் பிள்ளையின் ஆயா வைத்திருக்கும் கைபேசியிலும் வந்திருக்கிறது.

நான் தொண்டூர்க்காரி. இருபது வருஷத்துக்கு மேலாக அரசுப் பள்ளியில் பாடம் நடத்துகிறேன். பெந்தெகொஸ்தே சபையில் வளர்ந்தேன், இன்றும் ஞாயிறு ஆராதனையைத் தவறவிட்டதில்லை. ஆண்டவர் திரும்பி வருவார் என்று முழு மனதோடு நம்புகிறேன். வெளியே நின்று குறை சொல்லும் ஆள் நான் இல்லை. எங்கள் வீட்டுக்குள் நடந்ததைத்தான் சொல்லப் போகிறேன்.

எங்கள் சபைகளில் இதை ‘இரகசிய வருகை’ என்பார்கள். கிறிஸ்து முதலில் யாரும் அறியாதபடி வந்து தம்முடையவர்களை மட்டும் எடுத்துக்கொள்வார். பிறகு பூமியில் ஏழு வருஷம் உபத்திரவ காலம். அந்திக்கிறிஸ்து ஆள்வான், 666 என்ற முத்திரை இல்லாமல் யாரும் வாங்கவோ விற்கவோ முடியாது. அது முடிந்ததும் பகிரங்க வருகை, அதன்பின் ஆயிர வருட அரசாட்சி. ஞாயிறு பள்ளியில் இதை வாய்ப்பாடு போல ஒப்பிப்போம். எங்களை நடுங்க வைத்தது ஒரே சொல்தான்: கைவிடப்படுதல்.

திருகை சுற்றும் இரண்டு பெண்களைப் பற்றி மத்தேயு சுவிசேஷத்தில் இயேசு பேசுகிற இடம் ஒன்று உண்டு. இரண்டு பேரில் ஒருத்தி மட்டும் போய்விடுவாள். அந்த வசனத்தை விளக்கிக் கேட்டபோது எனக்கு ஒன்பது வயது. எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் திருகை கிடந்தது. அம்மாவும் பெரியம்மாவும் எதிரெதிரே காலை நீட்டி உட்கார்ந்து, ஒரே முளையை ஆளுக்கொரு கையால் பிடித்து உளுந்து உடைப்பார்கள். பெரியம்மா மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவள், கை நிறையக் கண்ணாடி வளையல். சபை வழக்கப்படி அம்மா கையில் ஒன்றும் கிடையாது. கல் சுற்றச் சுற்ற வளையல் சத்தம் கேட்கும். நான் தூணைப் பிடித்துக்கொண்டு அந்த இரண்டு கைகளையும் பார்த்தபடி நிற்பேன். எந்த நிமிஷம் வெறுங்கை மறைந்துபோகுமோ, வளையல் போட்ட கை தனியாகக் கல்லைச் சுற்றிக்கொண்டிருக்குமோ என்று இருக்கும். பெரியம்மா, “என்னாடி இப்படிப் பாக்கற, பசிக்குதா?” என்பாள். எனக்குப் பால் சோறு ஊட்டி வளர்த்தவள் அவள். அவளை விட்டுவிட்டுப் போகிற இடம் எப்படிப் பரலோகமாக இருக்கும் என்று கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை.

ஒரு நாள் பள்ளிவிட்டு வந்தால் வீடு திறந்து கிடக்கிறது. அடுப்பில் தணல், உலை மூடியபடி இருக்கிறது, அம்மாவைக் காணோம். புத்தகப்பையைப் போட்டுவிட்டு ஓடினேன். ஓடியது வயலுக்கு இல்லை, தெருக்கோடியில் இருந்த உபதேசியாரின் வீட்டுக்கு. அவர் மனைவியை நாங்கள் ஆயா என்போம். ஊரில் யாரை எடுத்தாலும் முதலில் அந்த ஆயாவைத்தான் எடுப்பார்கள் என்பது எங்கள் பிள்ளைக் கணக்கு. முறத்தில் அரிசியை வைத்துக்கொண்டு கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். அவரைக் கண்டபிறகுதான் மூச்சு வந்தது. அம்மா மல்லாட்டை பிடுங்கப் போயிருந்தாள். எங்கள் சபையில் வளர்ந்த யாரைக் கேட்டாலும் இப்படி ஒரு சாயங்காலம் அவர்களுக்கும் இருக்கும்.

அப்போது என் சினேகிதி ஒருத்தி கத்தோலிக்கப் பெண். அவளிடம் பயத்தோடு கேட்டேன், உங்க சாமியார் இரகசிய வருகையைப் பத்தி என்ன சொல்வார் என்று. அவள் அப்படி ஒன்றைக் கேள்விப்பட்டதே இல்லை. எனக்கு அது பெரிய அதிர்ச்சி. பிறகுதான் தெரிந்துகொண்டேன்: கத்தோலிக்கத் திருச்சபை, லுத்தரன் சபை, சிஎஸ்ஐ ஆகிய எல்லாமே கிறிஸ்து மறுபடி வந்து உயிரோடிருப்பவர்களையும் மரித்தவர்களையும் நியாயந்தீர்ப்பார் என்று விசுவாசப் பிரமாணத்தில் அறிக்கையிடுகின்றன. ஆனால் வருகையை இரண்டாகப் பிரித்து, முதலில் இரகசியமாக ஒன்று என்று போதிப்பதில்லை. ‘இரகசிய வருகை’ என்ற சொல்லே வேதாகமத்தில் கிடையாது. அந்தப் போதனையை 1830களில் வகுத்துப் பரப்பியவர் ஜான் நெல்சன் டார்பி, அயர்லாந்தில் ஊழியம் செய்தவர். 1909இல் அமெரிக்காவில் அச்சான ஸ்கோஃபீல்ட் வேதாகமத்தின் அடிக்குறிப்புகள் அதை உலகம் முழுக்கக் கொண்டு சேர்த்தன. அடிக்குறிப்பில் இருந்ததை எங்கள் ஊழியக்காரர்கள் வசனமாகவே பிரசங்கித்தார்கள். புதியது என்பதாலேயே ஒன்று பொய்யாகிவிடாது. ஆனால் இருநூறு வருஷமாகாத ஒரு விளக்கத்தை, மறுத்தால் நரகம் என்கிற அளவுக்கு ஒன்பது வயதுப் பிள்ளையின் தலையில் ஏற்றுவது நியாயமா?

எங்கள் ஊரில் காலத்தின் முடிவைப் பற்றி யோசித்தவர்களுக்குக் குறைவே இல்லை. தொண்டூர்ப் பாறையில் பள்ளிகொண்ட பெருமாள் செதுக்கப்பட்டிருக்கிறார். குன்றின் குகைத்தளத்தில் சமணத் துறவிகளின் கற்படுக்கைகளும், மிகப் பழைய எழுத்தில் ஒரு கல்வெட்டும் இருக்கின்றன. சின்ன வயதில் அந்தப் படுக்கைகளில் படுத்துப் பார்த்திருக்கிறேன், கோடையிலும் சில்லென்று இருக்கும். எங்கள் பக்கத்துச் சமணர்களான நயினார்களுக்குக் காலம் ஏறி இறங்கும் சக்கரம், அதற்கு முடிவென்பதே கிடையாது. பெரியம்மாவுக்குக் கலி முற்றினால் கல்கி. செஞ்சியில் துணிக்கடை வைத்திருந்த பாய்க்குக் கியாமத். இவர்கள் யாரும் தங்கள் பிள்ளைகளிடம் இன்ன தேதி என்று சொன்னதாக எனக்குத் தெரியாது. செஞ்சிக்குப் பக்கத்தில் திருநாதர்குன்றில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர்களைச் செதுக்கிய பாறைக்கு அருகே, சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்டதைச் சொல்லும் கல்வெட்டு இருக்கிறது. தன் முடிவுக்கு அந்தத் துறவி ஒவ்வொரு நாளாக அணியமானார். ஊருக்கு அவர் நாள் குறிக்கவில்லை.

நாள் குறித்த கதைகள் நம் பக்கத்திலேயே உண்டு. டார்பியின் தோழர்களில் ஒருவரான அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ் பல் மருத்துவர். 1833இல் இந்தியா வந்தவர், பிறகு சித்தூரில் தங்கினார். பாளையங்கோட்டையில் மிஷனரி ரேனியஸ் ஐயரிடம் படித்த அருளப்பன் குரோவ்ஸோடு சேர்ந்து உழைத்தார், பின்னர் வத்திராயிருப்புப் பக்கம் கிறிஸ்தியான்பேட்டை என்ற ஊரை உண்டாக்கினார். 1860இல் அங்கிருந்து திருநெல்வேலிச் சீமையில் ஒரு பெரிய எழுப்புதல் கிளம்பியது. ஜனங்கள் பாவத்தை அறிக்கையிட்டு அழுதார்கள், பெண்களும் எழுந்து பேசினார்கள். அந்த அனல் 1873 வாக்கில் திருவிதாங்கூருக்குப் பரவியது. அங்கே தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் பிறந்து கிறிஸ்தவரான யூஸ்துஸ் யோசேப்பு என்ற வித்வான்குட்டி ஆயிரக்கணக்கானோரைத் தட்டியெழுப்பினார். அவர் எழுதிய பாடல்களைக் கேரளச் சபைகள் இன்றும் பாடுகின்றன. அவ்வளவு பெரிய மனிதர், 1875இல் இன்னும் ஆறே வருஷம் என்று நாள் குறித்தார். 1881 வந்தது, போனது. அவரை நம்பி வந்தவர்களில் பெரும்பாலோர் கலைந்துபோனார்கள், எஞ்சியது ஒரு சிறு கூட்டம். ஒரு தேதி ஒரு எழுப்புதலையே தின்றுவிட்டது என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

முன்னே சொன்ன குரோவ்ஸைப் பாருங்கள். ஆண்டவர் சீக்கிரம் வருவார் என்று அவரைவிட உறுதியாக நம்பியவர்கள் குறைவு. ஆனாலும் சித்தூரில் நிலம் பிடித்துப் பயிர் வைத்தார். எங்கள் வீட்டில் அது நடக்கவில்லை.

1999இல் நான் பிளஸ் டூ முடித்தேன். ஆசிரியர் பயிற்சிக்கு இடம் கிடைத்தது. அப்பா அதற்கு முந்தியே காலமாகிவிட்டார், அம்மாவின் இரண்டு கறவை மாடுகள்தான் குடும்பம். காலையும் மாலையும் சொசைட்டிக்குப் பால் ஊற்றி வரும் காசில் என் கட்டணத்தைக் கட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தாள். அந்த ஆடி மாசம் வெளியூரிலிருந்து ஓர் ஊழியக்காரர் வந்து மூன்று நாள் கூட்டம் நடத்தினார். சுவரில் ஒரு பெரிய துணிப்படத்தைத் தொங்கவிட்டார். ஏழு தலை மிருகம், ஏழு வருஷக் கோடு, நடுவில் மேகத்துக்குள் ஏறிப்போகும் வெள்ளையுடைக் கூட்டம். ஆதாமிலிருந்து கிறிஸ்துவரை நாலாயிரம் வருஷம், அதிலிருந்து இரண்டாயிரம், ஆயிரம் வருஷம் ஒரு நாள் என்றால் ஆறு நாளும் முடிந்தது, ஏழாம் நாள் ஓய்வு என்று கோலால் தட்டித் தட்டிக் காட்டினார். 2000 பிறக்கும்போது கம்ப்யூட்டர்கள் எல்லாம் நின்றுபோகும் என்று செய்தித்தாள்களும் எழுதிக்கொண்டிருந்த நேரம். யாருக்குத்தான் நம்பத் தோன்றாது?

“பரலோகத்துக்கு மாட்டை ஓட்டிக்கிட்டுப் போவீங்களா, அம்மா?” என்று அவர் கேட்டார். கூட்டம் அல்லேலூயா என்றது. என் அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

மறுவாரம் தரகர் வந்தார். துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசினார்கள். ஒன்று சினைமாடு. இரண்டுக்கும் சேர்த்து 11,000 ரூபாய். அம்மா அதில் பெரும்பங்கைக் காணிக்கையாகக் கொண்டுபோய்க் கொடுத்தாள். என் பயிற்சிப் பள்ளிக் கட்டணத்துக்குக் கடைசித் தேதி கடந்தது. “எதுக்கும்மா படிப்பு, வருஷம் முடியறதுக்குள்ள வந்துடுவாரே” என்றாள். கோபத்தில் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அந்த முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒரு சந்தோஷம் இருந்தது. அதனால்தான் என்னால் எதிர்த்துப் பேச முடியவில்லை.

டிசம்பர் 31 ராத்திரி வெள்ளைச் சேலை கட்டி முழங்காலில் நின்றோம். பன்னிரண்டு அடித்தது. விளக்கு அணையவில்லை. பக்கத்து ஊரில் யாரோ வெடி கொளுத்தினார்கள். ஒரு குழந்தை பசித்து அழுதது. ஆண்டவர் தவணை கொடுத்திருக்கிறார் என்று சொல்லி ஜெபத்தை முடித்தார்கள்.

விடிகாலையில் விளக்குமாற்றுச் சத்தம் கேட்டு எழுந்தேன். எந்த நாளும் போல அம்மா நாலரை மணிக்கு எழுந்து, மாடு இல்லாத கொட்டகையைக் கூட்டிக்கொண்டிருந்தாள். சாணமும் இல்லை, கூளமும் இல்லை. சுத்தமான தரையையே திரும்பத் திரும்பக் கூட்டினாள். முளைக்குச்சியில் கயிறு அப்படியே கட்டியிருந்தது. நான் விளக்குமாற்றை வாங்கப் போனேன், தரவில்லை.

அந்த ஊழியக்காரர் அதன்பின் எங்கள் ஊர்ப்பக்கம் வரவில்லை. எனக்கு ஒரு வருஷம் போயிற்று, அடுத்த வருஷம் கடன் வாங்கிச் சேர்ந்தேன். அம்மாவுக்கு மறுபடி ஒரு மாடு வாங்க நாலு வருஷம் ஆயிற்று, அதுவும் மகளிர் குழுக் கடனில்.

இது எங்கள் ஊரில் மட்டும் நடக்கிற விஷயம் இல்லை. 1844 அக்டோபர் 22 என்று அமெரிக்காவில் வில்லியம் மில்லரைப் பின்பற்றியவர்கள் காத்திருந்தபோது, விளைந்த உருளைக்கிழங்கைத் தோண்டாமல் மண்ணிலேயே விட்டவர்கள் இருந்தார்கள். 1992 அக்டோபர் 28 என்று தென்கொரியாவில் லீ ஜாங் ரிம் என்ற போதகர் நாள் குறித்தார். ஆயிரக்கணக்கானோர் வேலையை விட்டார்கள், வீட்டை விற்றார்கள். அந்த நாளுக்கு முன்பே மோசடி வழக்கில் அவரைக் கைது செய்து, பிறகு சிறைக்கு அனுப்பினார்கள். அவர் வாங்கி வைத்திருந்த கடன் பத்திரங்கள் முதிர்வது அடுத்த வருஷம் மே மாதம். அதைப் படித்த அன்று எனக்கு அந்தத் துணிப்படமும் 11,000 ரூபாயும்தான் கண்ணுக்கு முன் வந்து நின்றன. 2011 மே 21 என்று உலகம் முழுக்க விளம்பரம் செய்த ஹெரால்ட் கேம்பிங்காவது மறுவருஷம், தேதி குறித்தது பாவம் என்று எழுதி ஒப்புக்கொண்டார். என் அம்மாவிடம் யாரும் வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவள் மன்னித்திருப்பாள், அது எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

ஊழியக்காரர்களே, உங்களிடம் நேராகவே கேட்கிறேன். அந்த நாளையும் நாழிகையையும் வானத்துத் தூதர்களும் அறியார்கள், குமாரனும் அறியார் என்று இயேசுவே சொல்லியிருக்கும்போது, மேடையில் நின்று வருஷக் கணக்குப் போட உங்களுக்கு யார் அதிகாரம் தந்தது? வருகையின் பேரைச் சொல்லி நிலம், மாடு, தாலிக்கொடி என்று வாங்கியவர்கள் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் சபையே எழுந்து கேட்க வேண்டும். கோடை விடுமுறை வேதாகமப் பள்ளியில் ஐந்து வயது, ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு, தாய் மறைந்து பிள்ளை தனியாக நிற்கும் படத்தைப் போட்டுக் காட்டுவதை இந்த வருஷத்தோடு நிறுத்துங்கள். அந்தப் பயத்தில் பிள்ளை கையைத் தூக்கி ‘ஏற்றுக்கொண்டேன்’ என்று சொல்வதை மனந்திரும்புதல் என்று கணக்கில் எழுதாதீர்கள்.

666 பயத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். முன்பு கடைச் சாமானில் இருக்கும் பார்கோடு முத்திரை என்றார்கள், பிறகு ஆதார், பிறகு கொரோனா தடுப்பூசி. எங்கள் தெருவில் ஒரு விதவை ஆதார் எடுக்க மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்து முதியோர் உதவித்தொகையை இழந்தார். நானும் இன்னொரு ஆசிரியையும் மூன்று மாசம் பேசிய பிறகுதான் விரலை வைத்தார். வைக்கும்போது அவர் கை நடுங்கியதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

செஞ்சிக்கோட்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியதிலிருந்து பிள்ளைகளை அங்கே அழைத்துப் போகிறோம். ராஜகிரி அடிவாரத்தில் இருக்கும் நெற்களஞ்சியத்துக்குள் போய் நின்றால் குரல் எதிரொலிக்கும். முற்றுகை என்றைக்கு வரும் என்று அதைக் கட்டியவர்களுக்குத் தெரியாது. முகலாயர் வந்து எட்டு வருஷம் சூழ்ந்து கிடந்த கோட்டை அது. நாள் தெரியாதவர்கள் நெல்லைச் சேர்த்தார்கள். ஆயத்தமாயிருங்கள் என்று எங்கள் சபையில் கேட்கும்போதெல்லாம் எனக்கு இப்போது அந்தக் களஞ்சியம்தான் ஞாபகம் வருகிறது.

மேகங்களுக்குள் எடுத்துக்கொள்ளப்படுவதைப் பவுல் எழுதியது தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் கடிதத்தில், கிபி 50ஐ ஒட்டி. புதிய ஏற்பாட்டில் மிகப் பழைய எழுத்துகளில் அது ஒன்று. யாருக்கு எழுதினார்? வருகைக்கு முன்பே வீட்டில் சாவு விழுந்துவிட்டதே, செத்துப்போன எங்கள் ஆட்கள் கதி என்ன என்று கலங்கி நின்றவர்களுக்கு. மரித்தவர்கள்தான் முதலில் எழுந்திருப்பார்கள், யாரும் விடுபட மாட்டார்கள் என்று எழுதி, இதைச் சொல்லி ஒருவரையொருவர் தேற்றிக்கொள்ளுங்கள் என்று முடிக்கிறார். அதே ஊர்க்காரர்களில் சிலர் வருகை வந்துவிட்டது என்று குழம்பியும், சிலர் வேலை செய்யாமல் சுற்றியும் திரிந்தபோது இரண்டாம் கடிதம் எழுதிக் கண்டித்ததும் அவர்தான். துக்க வீட்டுக்கு எழுதிய ஆறுதலை எடுத்துத்தான் என் குழந்தைப் பருவத்தை அச்சுறுத்தினார்கள்.

2018இல் அம்மா இறந்தபோது அந்தப் பகுதியைக் கல்லறையில் வாசித்தார்கள். முதல் முறையாக அதைப் பயமில்லாமல் கேட்டேன். பெரியம்மா என் பக்கத்தில் நின்றிருந்தாள், வயதில் வளையல் தளர்ந்து முழங்கை வரைக்கும் ஏறி இறங்கியது. கடைசிக் காலத்தில் அம்மா மாட்டுக்கு முன் குந்திக்கொண்டு சொன்னது அப்போது ஞாபகம் வந்தது. கறக்கறப்ப வந்தாருன்னா என்னம்மா பண்ணுவ என்று கேட்டிருந்தேன். “கன்னுக்குட்டிய அவுத்து விட்டுட்டு வரேன்னு சொல்லுவேன். அவரு நிப்பாரு” என்றாள்.

அந்தப் பிள்ளைக்கு நான் வேத விளக்கம் ஒன்றும் சொல்லவில்லை. தலைமையாசிரியரிடம் கேட்டுவிட்டு, என் போனிலிருந்து பெங்களூருக்கு அடித்தேன். ஜல்லி கொட்டும் சத்தத்துக்கு நடுவே அவள் அம்மா எடுத்தாள். போனைப் பிள்ளை கையில் கொடுத்தேன். கேட்க நினைத்தது எதையும் அவள் கேட்கவில்லை. “எப்பம்மா வருவ?” என்றாள்.

“ஆயுத பூஜைக்கு வந்துடுவேன்டி. சாப்டியா?”

“இல்ல.”

“போய்ச் சாப்புடு மொதல்ல.”

தட்டை எடுத்துக்கொண்டு ஓடினாள். நாங்கள் சோற்றுப் பாத்திரத்தை மூடாமல் வைத்திருந்தோம்.